மறுபக்கம் சாய்ந்த கோடுகள்

ஃபுளோரன்ஸ்,
மே மாதம் பன்னிரண்டாம் நாள், 1507.

என் அன்புக் கணவர் லாப்போ அவர்களுக்கு நன்னீனா எழுதுவது.

இங்கே நானும் மகள் மரியெத்தாவும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. கடைசி இரண்டு கடிதமும் உங்கள் உதவியாள் செக்கோவின் கையெழுத்து. ரோமில் வேலை மும்முரம், சொல்லச் சொல்ல அவன் எழுதினான் என்கிறீர்கள். இருக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

மரியெத்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். உங்கள் தங்கை தெஸ்ஸா போன ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேர் காதில் விழும்படி, "என்ன அண்ணி, ரெண்டு வருஷமாச்சே, அண்ணனுக்கு ரோம்லயே வேற வீடு அமைஞ்சிருச்சோ?" என்று கேட்டாள். "அமைஞ்சா உனக்கு இன்னொரு அண்ணி, நல்லதுதானே" என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். உங்களிடம் மறைப்பானேன்?

அதனால்தான் கழுதைக்காரன் பிந்தோ உங்கள் சுருளைக் கொண்டுவந்து தந்தபோது என் புத்தி அங்கே போயிற்று. நம் மடத்துச் சாமியார்கள் கோவில் சுவர் ஓவியத்துக்கு முன்மாதிரியாகக் கேட்டிருந்த மாதாவின் கோட்டுப்படம் அது. சரி என்று அவர்கள் சொல்லிவிட்டால் வேலை உங்களுக்கு, நீங்களும் ஊர் திரும்பலாம். நானோ அதையெல்லாம் விட்டுவிட்டு, இந்த மாதாவுக்கு எந்த ரோம்காரியின் சாயல் என்றுதான் முதலில் தேடினேன்.

முகம் யாருடையதும் இல்லை. ஆனால் நிழலுக்கு இழுத்த கோடுகளைப் பார்த்ததும் திக்கென்றது. பதினோரு வருஷம் உங்கள் முன்னால் அசையாமல் நின்று திட்டு வாங்கியவள் நான். உங்கள் கோடுகள் வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் கீழே இறங்கும். இந்தப் படத்தில் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருக்கின்றன, காற்று மாறியதும் மழை சாய்வதுபோல. செக்கோதான் வரைந்திருக்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. சாயம் எவனும் பூசலாம், சுண்ணாம்பு எவனும் பூசலாம், கோடு மட்டும் மேஸ்திரியுடையதாக இருக்க வேண்டும், கோடு போனால் சுவரே போச்சு என்று பட்டறையில் கத்துகிறவர் நீங்கள்தானே?

பிறகு பாதங்களைப் பார்த்தேன். அந்த மாதா பாரம் முழுவதையும் இடது காலில் வைத்து, வலது குதிகாலைக் கொஞ்சம் தூக்கி நிற்கிறாள். சின்ன வயதில் படியில் விழுந்ததிலிருந்து நான் அப்படித்தான் நிற்கிறேன். பாவாடைக்குள் இருக்கும் அந்தக் குறை ஊரில் யாருக்கும் தெரியாது, செக்கோவுக்கும் தெரியாது. என்னைப் பார்க்காமலே என்னை வரைந்திருக்கிறீர்கள். வரைந்தது நீங்கள்தான், ஆனால் வலது கையால் அல்ல.

பிந்தோவை உட்காரவைத்து, இரண்டு கிண்ணம் அவரைக்கொட்டைக் கஞ்சியும் ஒரு குடுவை திராட்சை ரசமும் கொடுத்தேன். மூன்றாவது கிண்ணத்துக்கு முன்னால் உண்மையைக் கக்கிவிட்டான். "தவக்காலத்துல சாரம் சரிஞ்சிருச்சும்மா. மேஸ்திரியோட வலது கை அடியில மாட்டிக்கிச்சு. விரல் மடங்கவே மாட்டேங்குது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊருக்குப் போறதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றான். சொல்லிவிட்டேன். பாவம், அவனைத் திட்டாதீர்கள்.

படத்தைப் பார்க்க மடத்துப் பெரிய சாமியார் ஊபெர்த்தோ வியாழக்கிழமை வந்தார். சன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மேஸ்திரி போட்டது இல்லையம்மா. கோடு நடுங்குது, யாரோ சீடன் வேலை. கோடு அவர் கையால இருக்கணும்னுதானே பேச்சு? சுவரை வேற ஆளுக்குக் குடுத்துர்றோம்" என்று படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உங்கள் ரகசியம் பிழைத்திருக்கும். இந்த ஊருக்குத் திரும்ப உங்களுக்கு ஒரு காரணமும் மிஞ்சியிருக்காது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கை போனதையும் இடது கையால் வரைந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. காலணியைக் கழற்றி, பாவாடை ஓரத்தைக் கணுக்கால்வரை தூக்கி, அந்த மாதாவைப் போலவே நின்று காட்டினேன்.

மனிதர் காது சிவந்து போனார். ஆனாலும் என் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "பார்த்து வரைஞ்ச கண்ணு அவரோடதுதான். கோடு நடுங்கினாலும் இவ தரையில நிக்கிறா. ஆனா நான் ஒருத்தன் சொன்னா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. அடுத்த மாசம் புனித யோவான் திருநாளுக்குள்ள அவரையே வரச்சொல்லு. எங்க முன்னால அந்தக் கையாலயே வரையட்டும்" என்றார்.

நீங்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்று வைத்திருந்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன். சாமியாருக்குத் தெரிந்தால் மடத்துக்கே தெரியும், மடத்துக்குத் தெரிந்தால் தெஸ்ஸாவுக்குத் தெரியும். உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ரோமிலேயே தங்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

சுவர் கிடைக்காவிட்டால் போகிறது. ரொட்டியை நான் பிய்த்துத் தருகிறேன், சட்டைக் கயிற்றை நான் முடிந்துவிடுகிறேன். இரண்டு வருஷமாகச் சுவர்ப்பக்கம் திரும்பியே படுக்கிறேன், உங்கள் இடம் காலியாக இருப்பது கண்ணில் படக்கூடாது என்று.

கோபத்தை எழுதி அனுப்பாதீர்கள். வந்து வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

புனித யோவான் உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
நன்னீனா