வெள்ளை மூலையில் இருந்த பெயர்

என் அன்பு மச்சாள் றெஜினா,

உன் மனுசன், என் தம்பி, சுகமாக இருக்கிறான். நீ கண்ணை மூடின பிறகு தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுகிறான், அவ்வளவுதான். ஆனால் நான் எழுத வந்த செய்தி வேறு. உன் கோயில் படம் மன்னாரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வெயிலுக்கு ஒதுங்கத்தான் அந்தச் சித்திரக்கூடத்துக்குள் போனேன், உன்னிடம் பொய் சொல்லி என்ன? இரண்டாவது அறையில் நம் முள்ளிக்குளம் கோயில், குளக்கட்டு, மரங்கள். நீ அச்செடுத்துக் கொடுத்த கன்னியர்மடத்துச் சிஸ்டர்மாரில் ஒருவர்தான் அங்கே கொடுத்திருக்க வேண்டும். கீழே சின்ன அட்டை: "லினோ அச்சு. கலைஞர் பெயர் தெரியவில்லை."

படத்தின் மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதல்லவா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்ன பெண் அதைக் காட்டி, "இந்த வெறுமை இழந்த நிலத்தைக் குறிக்குது" என்றாள். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அது உன் பெயர் இருந்த இடம். கடற்படை ஊரைப் பிடித்துவைத்திருக்க, திரும்ப வழியில்லாமல் காட்டோரம் தகரக் கொட்டிலில் கிடந்தோமே, அப்போது செய்த படம். சித்திர ரீச்சராக இருந்த நீ, யாரோ எறிந்த, தரைக்கு விரிக்கிற லினோ விரிப்புத் துண்டில் கோயிலைச் செதுக்கினாய். அச்சில் நேராக விழ வேண்டுமென்று பெயரை இடம் வலம் மாற்றிச் செதுக்க ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டாய். நான்தான் கத்தினேன்.

"உனக்கென்ன விசரே? ஊரைக் கேட்டுப் படம் போடுறாய், அதில பேரும் வேணுமோ? நாளைக்கு விசாரிக்க வந்தா என்ர தம்பியைத்தான் கொண்டுபோவாங்கள்!"

நீ பெயரைச் சுரண்டி எடுத்தாய்; மை ஒட்டாத அந்த இடம் அச்சில் வெள்ளையாய் விழுந்தது. பிறகு ஏன் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை? கடைசியில் ஆஸ்பத்திரியிலாவது சொல்லியிருக்கலாமே.

நேரே சித்திரக்கூடத்துக் கந்தோருக்குள் போனேன். பொறுப்பாளர் கதிரை தந்தார்.

"அவ செய்ததெண்டு எழுத்தில ஏதும் இருக்கோ, அம்மா?"

"எழுத்தை அழிக்கச் சொன்னதே நான்தான். நான் சொல்லுறது போதாதோ?"

"அப்ப அதை அப்பிடியே எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. குழுவில காட்டுறன்."

கையெழுத்து என்றதும் கதிரையை விட்டு எழும்பினேன். ஊர்க் காணியைத் திருப்பித் தரச் சொல்லிப் போட்ட மனுவுக்கு ஊரே கையெழுத்து வைத்தபோது தலையிடி என்று படுத்தவள் நான். வீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பேனையை வாங்கினேன். நீ செய்ததையும் எழுதினேன், நான் செய்ததையும் எழுதினேன். முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டேன். எழுத்து விளங்குகிறது.

செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறதாம். வாசலில் நிற்பேன். இழுத்தடித்தால் அடுத்த செவ்வாயும் போவேன், பஸ்காரனுக்கு என் முகம் அலுக்கும்வரை போவேன். அட்டையில் உன் பெயர் ஏறுகிற நாளில் தம்பியைக் கூட்டிப்போய்ச் சத்தமாக வாசிக்க வைப்பேன். இது சத்தியம், றெஜினா.

அன்று உன் பெயரைச் சுரண்ட வைத்த, இனி அதை எழுத வைக்காமல் ஓயாத
உன் மச்சாள்
மேரி பிலோமினா