பின்வாசலில் ஒரு குடம் தண்ணீர்

என் ரீட்டாக் கண்ணுக்கு,

நேற்று, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நம் ஊர் விடுபட்ட விடுதலை நாள் கொடியேற்றம். இன்று கல்லறைத் திருநாள். நம் ஊர் காலண்டரே ஒரு குழப்பம் என்று வருடா வருடம் சிரிப்பாய். இந்த வருடம் மெழுகுவர்த்தி உனக்கே ஆகிவிட்டது.

பிரான்சிலிருந்து உன் பிள்ளைகளால் வர முடியவில்லை. நானே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போவதில்லை, உனக்குத் தெரியும். என் அப்பாவை எரித்த இடத்தைக்கூட நான் பார்த்ததில்லை. முதன்முதலாக மிதித்த மயானம் உன்னுடையது.

சிலுவைக்கு வெள்ளையடித்து, சாமந்தி சுற்றினேன். பழக்க தோஷம், கற்பூரமும் ஏற்றிவிட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் மெழுகுவர்த்தியை அதிலேயே பற்றவைத்துக்கொண்டார். உன் சாமி கோபித்துக்கொண்டதா?

நான் எழுதும் நாவல் இன்னும் முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது தானும் கப்பலேறுவதா, இங்கேயே இருப்பதா என்று என் கதாநாயகி கடற்கரையில் அதே இடத்தில் நிற்கிறாள். விடுதலை கேட்டு மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர் என் தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் உன் தாத்தா. சரித்திர டீச்சராயிற்றே என்று உன்னைக் கேட்டால், கோரிமேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கையை விரித்தாய். "போனவனும் ஊர நெனச்சினேதான் செத்தான். இருந்தவனும் நிம்மதியா சாவல. எதுல விடுதலைன்னு எனக்கே தெரியலக்கா."

பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவிட்டு முத்தியால்பேட்டையை விட்டு நகராதவள் நீ. அது பயமா, பாசமா? சொல்லாமலே போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்தால், பின்வாசலில் அம்மா ஒரு குடம் தண்ணீரோடு நிற்கிறாள். மயானம் போனவள் குளிக்காமல் உள்ளே வரக் கூடாதாம். எனக்குச் சுருக்கென்றது. நீ தீட்டா? குளிக்க மாட்டேன் என்று நின்றேன். கதாநாயகி இப்படி எதிர்த்து நிற்பதை ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். நானோ கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. "வேத்தாளப் பாத்துட்டு வந்தீன்னா கால கழுவினு வா. நம்ம மனுசிக்குச் செஞ்சிட்டு வந்தீன்னா தலைக்கு ஊத்திக்கோ. அவ உனுக்கு யாரு? நீயே சொல்லு" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல, எதை எதிர்த்தேனோ அதையே செய்ய வேண்டியிருந்தது. குடத்தைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அடங்கிப் போனேனா, ஜெயித்தேனா, இன்னும் விளங்கவில்லை ரீட்டா. அழுகை மட்டும் வந்தது. அம்மா துண்டை நீட்டினாள்.

கதாநாயகி கொஞ்ச நாள் கடற்கரையிலேயே நிற்கட்டும். அவளை நான் அவசரப்படுத்த மாட்டேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்கும் சுண்ணாம்பு வாளியோடு வருவேன். மெழுகுவர்த்தியும் கற்பூரமும் கொண்டுவருவேன். திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே தலைக்கு ஊற்றிக்கொள்வேன்.

தலை ஈரம் இன்னும் காயாமல்,
உன் சொந்த அக்கா