ஏரி புரளும் வாரம்

வான்கூவர்
1986 செப்டம்பர் 9

அன்புள்ள வெர்னா அக்கா,

நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. கார்ல் அத்தானைப் பராமரிப்பு இல்லத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும், படகை வெளியே இழுத்துப் போட்டுக் கழுவிவிட்டேன். அவருக்கு மறதி நோய் வந்ததிலிருந்து மூன்று வருஷமாக இலையுதிர்காலத்தில் நான் தனியாகத்தான் தூண்டில் போடுகிறேன். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மீனோடு பேசுகிறேன்.

அக்டோபர் முதல் வாரத்துக்கு டக்கர் ஏரிதான் சரி. மலை மேலே சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், மேல்தண்ணீர் கீழே போய் அடித்தண்ணீர் மேலே வந்து அதற்குள் ஏரி புரண்டு தெளிந்திருக்கும். பனி உறையும் முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள ரெயின்போ டிரவுட் மீனெல்லாம் கரையோரம் அலையும். பாதை மோசம்தான், என் வண்டி ஏறிவிடும். என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்குப் பறக்கும்
லோயிஸ்


கம்லூப்ஸ்
செப்டம்பர் 16

அன்புள்ள லோயிஸ்,

டக்கர் வேண்டாம். அங்கே போன் கிடையாது. கார்ல் சாப்பிட மறுத்தால் கூப்பிடுவோம் என்று இல்லத்தில் சொல்லியிருக்கிறார்கள். மோஸ் ஏரிக்குப் போகலாம். கரையிலேயே கடை, கடையில் போன்.

இன்னொன்று. அந்த இல்லத்தில் ஓர் இடம் நிரந்தரமாகக் காலியாகிறதாம். கார்லைத் திரும்ப அழைத்துப் போகிறேனா, அங்கேயே விடுகிறேனா என்று அந்த வாரம் முடிவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

நேற்று சட்டை மாட்டிவிடும்போது என்னை அடித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கன்னத்தைப் பார்த்து, "யாரு உன்னை அடிச்சா?" என்று கேட்டு அவரே அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

போன் பண்ணாதே, மணி அடித்தால் பதறுகிறார். கடிதமே போடு.

வெர்னா


வான்கூவர்
செப்டம்பர் 20

அக்கா,

மோஸ் ஏரியா? அந்த வாரத்திலா? அப்போதுதானே அங்கே ஏரி புரளும்! அடித்தண்ணீர் மேலே வந்து, கலங்கல் சேறும் அழுகின முட்டை நாற்றமுமாகக் கிடக்கும். ஒரு மீன் வாயைத் திறக்காது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். "புரளுற ஏரியில தூண்டில் போடுறவனுக்கு மூளை கழண்டிருக்கும்"னு ஊரையே கேலி பண்ணினவளும் நீதான். போன் ஒரு சாக்கு. என்னோடு வரப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. வருத்தப்பட மாட்டேன். சரி, படுவேன்.

அத்தானை விடுவதாவது! இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு உனக்கு எப்படி மனசு வரும்? இரண்டு நல்ல மீன் பிடித்தால் தெம்பு தானாக வந்துவிடும்.

கோபத்தோடும் பிரியத்தோடும்
லோயிஸ்


கம்லூப்ஸ்
செப்டம்பர் 25

அடியே லோயிஸ்,

அந்த வாரம் ஏரி புரளும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டேன்.

மீன் கடித்தால் எழுந்திருக்க வேண்டும். நூலைச் சுற்ற வேண்டும், வலையில் ஏந்த வேண்டும், அறுத்துக் கழுவ வேண்டும். மூன்று வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுகிறேன். அந்தப் போன் ஒன்றைத் தவிர வேறு எதுவும் என்னைக் கூப்பிடாத இடம் வேண்டும். மீன்கூடக் கூப்பிடக் கூடாது.

எப்படி மனசு வரும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் மேல் ஆத்திரமாக வந்தது. மனசு எப்போதோ வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம். களைப்பில் அப்படி நினைக்கிறேனா, நிஜமாகவே இனி முடியாதா என்று நன்றாகத் தூங்கி எழுந்து பார்த்தால்தான் தெரியும்.

உன்னோடு வர ஆசைதான். வாயை மூடிக்கொண்டு இருப்பதானால் வா.

வெர்னா


கம்லூப்ஸ்
அக்டோபர் 13

அன்புள்ள லோயிஸ்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ பேசாமல் இருந்தது பெரிய காரியம். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் மீன்களைத் திட்ட ஆரம்பித்தாயே, கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். நாற்றம் நீ சொன்ன மாதிரியே குடலைப் பிடுங்கியது. ஆனாலும் தூங்கினேன். சாப்பிட்டுத் தூங்கினேன், எழுந்து திரும்பவும் தூங்கினேன்.

கடைசி நாள் காலையில் உடம்பில் தெம்பு இருந்தது. எல்லாம் வெறும் களைப்புதான், கார்லை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னை வழியனுப்பிவிட்டு, அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். என்னை அங்கே வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போலாமா கார்ல்?" என்றேன்.

"வேணாம்மா" என்றார். "என் பொண்டாட்டி ரொம்பக் களைச்சுப் போயிட்டா, பாவம். இப்பதான் கண்ணசந்திருக்கா. நான் போனா எழுந்துடுவா."

பக்கத்தில் உட்கார்ந்து சூப்பை முடிக்க வைத்தேன். பிறகு ஆபீஸ் அறைக்குப் போய், அவர் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் கோட்டை அங்கிருந்த அலமாரியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

அக்கா
வெர்னா