இரண்டாம் சரணம்

12.3.78, ஞாயிறு

தகரக் கூரையில் மழை விழும்போது ரேடியோவில் முதலில் மறைவது சொற்கள்தான். மெட்டு கடைசிவரை கேட்கிறது. இன்றுதான் கவனித்தேன்.

அதனால் புதுச் சினிமாப் பாட்டின் இரண்டாம் சரணம் கிடைக்காமல் போனது. சன்னாசி அண்ணனின் இசைக்குழுவுக்கு ரேடியோ கேட்டுப் பாட்டு எழுதித் தருவது நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியது போக, இந்த ஒரு எழுத்து வேலை. பாட்டுப் புத்தகம் சுங்கை சிப்புட் டவுன் கடைக்கு வர ஒரு மாதமாகும். தோட்டத்துத் திருவிழா 25ஆம் தேதி.

16.3.78

அண்ணன் மூன்று முறை கேட்டுவிட்டார். மெட்டுக்குப் பொருந்த நானே நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வரி என்று சொல்லவில்லை. முதல் இரண்டு:

கொடியில் காயும் சட்டை குறைந்தது
குறைந்த இடத்தில் காற்று நிறைந்தது

பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவின் துணிக்கொடியைப் பார்த்து வந்தது. அவர் வீட்டுக்காரருக்குச் சிவப்பு அடையாள கார்டு, குடியுரிமை இல்லை. வேலை பர்மிட் கிடைக்காமல் எழுபதில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்.

இது களவா?

17.3.78

தூக்கமில்லை. வெட்டும்போது கத்தி பட்டையில் ஆழமாகப் போய், கங்காணியிடம் ஏச்சு.

26.3.78

நேற்று ஆம்புரோஸ் அண்ணன் பாடினார். பத்து காஜா டவுனிலிருந்து வரும் பாடகர். என் சரணம் வந்தபோது கோயில் சாமியறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கைதட்டினார்கள், பையன்கள் ஆடினார்கள். அவ்வளவுதான்.

இன்று காலை வீட்டில் இருவருக்கும் தேநீர் கொடுக்கும்போது, வரிகள் எப்படி இருந்தன என்று மெதுவாகக் கேட்டேன். சன்னாசி அண்ணன் அக்கார்டியனைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“வரிய யாரு புள்ள கேக்குறா? பால் லோரி ஓட்டுற சீனன் ஆ லியோங் நம்ம பாட்டத்தான் விசிலடிக்கிறான். அவனுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியுமா?”

ஆம்புரோஸ் அண்ணனும் சேர்ந்துகொண்டார். “நான் சின்னதுல சர்ச்சுல லத்தீன் பாட்டு பாடுனவன். ஒன்னும் புரியாது. அழுகை மட்டும் வரும்லா.”

தப்பித்துவிட்டேன், ஆனால் சந்தோஷமாக இல்லையே, ஏன்?

9.4.78

பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது. உண்மையான இரண்டாம் சரணத்தில் நிலா, முல்லை, தென்றல். சட்டை இல்லை.

சனிக்கிழமை ஈப்போவில் இசைக்குழுப் போட்டி. இதே பாட்டைத்தான் பாடப் போகிறார்கள். நீதிபதிகள் கையில் புத்தகம் இருக்கும், சொல் மாறினால் மார்க் போகும். பரிசு கிடைத்தால் டவுன் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள் என்று அண்ணன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பேசாமல் இருந்தால்—

10.4.78

புத்தகத்தில் உள்ளதை எழுதி அண்ணனிடம் நீட்டினேன். மழையில் சரியாகக் கேட்கவில்லை, ஏதோ எழுதிவிட்டேன் என்றேன். ஏதோ!

திட்டுவார் என்று நினைத்தேன். “ஆம்புரோஸ் மாத்திக்குவான்லா. மெட்டு அதேதானே,” என்றார்.

12.4.78

பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டாராம். எனக்கு நாலு வரிக்கு நாலு நாள் ஆனது.

16.4.78

இரண்டாம் பரிசு. அண்ணன் கேசரி, ஆரஞ்சு கிரஷ் எல்லாம் வாங்கி வந்தார். நல்லவேளை சொன்னேன்.

23.4.78, ஞாயிறு

வீரம்மா அக்கா ஏரோகிராம் கடிதத்தாளோடு வந்தார். அவருக்கு எழுத வராது, ஊரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போகும் கடிதமெல்லாம் என் கையெழுத்துதான். மகளுக்கு அம்மை இறங்கியது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது, எல்லாம் எழுதி முடித்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

“அந்தச் சட்டை வரியையும் எழுது பாப்பா. திருவிழாவுல பாடுனாங்களே.”

பேனாவைக் கீழே வைத்தேன். திருவிழாவுக்குப் பிறகு அந்தப் பாட்டு எப்போது வந்தாலும் அடுப்பு வேலையை விட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்காருவாராம். அந்த வரி மட்டும் வருவதில்லையாம். “ரேடியோக்காரன் வெட்டிட்டான் போல,” என்றார்.

ஊரில் அவருக்கு இந்தப் பாட்டின் மெட்டு தெரியுமோ என்னவோ என்றேன்.

“தெரியாட்டி என்ன? அந்த மனுசனுக்கு அந்த வரி போதும்.”

மடிப்புக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது. நான்கு வரியையும் எழுதினேன். யார் எழுதியது என்றும் போடச் சொன்னார். பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர் பேர் இருக்குமாம்.

கீழே என் பெயரை எழுதினேன். பிறகு, எப்போதும் செய்வதுபோல, கடிதம் முழுவதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயரையும் சேர்த்து.