ஒரு தட்டு, இரண்டு தட்டு

ஜனவரி 4, 2058. காலை 7.10. மேல்மந்தை ஆய்வு நிலையம்

வெப்பம் 14 டிகிரி. உறைபனி இல்லை. இந்த வருடமும் இல்லை. முன்பெல்லாம் இந்த மாதத்தில் புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல் பனி உறையும். மரப்பட்டைக்குள் இருக்கும் துளைவண்டின் புழு விறைத்துச் சாகும். இப்போது புழுவுக்கு வருடம் முழுக்கக் கல்யாணச் சாப்பாடு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் இன்பராணி. பூச்சியியல் ஆய்வாளர். எனக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்றுதான். நிலையத்தின் பின்னால் நிற்கும் நீராலி மரத்தைக் காய் முற்றும்வரை சாகவிடக்கூடாது. துளைவண்டு தின்றதுபோக, காய்க்கிற நீராலி இது ஒன்றே. நீராலி இல்லையென்றால் மலையில் ஊற்று இல்லை. ஊற்று இல்லையென்றால் கீழே ஊர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அடிவார நாற்றங்காலில் ஒச்சப்பன் இருக்கிறார். வயர்லெஸில் என் குரல் பாதி நாள் கரகரவென்றுதான் போய்ச் சேரும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவர் கேள்வி கேட்பார். நான் பேசும் பொத்தானை அழுத்துவேன், அவருக்குத் 'தட்' என்று கேட்கும். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

ஜனவரி 11. மாலை 4.30

இன்றும் ஒரு மரத்தைக் காவு கொடுத்தேன்.

முறை பழையதுதான். சுற்றி நிற்கும் வேறு நல்ல மரம் ஒன்றின் பட்டையைக் கோடாரியின் பின்பக்கத்தால் நசுக்க வேண்டும். சாறு கசிந்து புளித்த வாடை அடிக்கும். வண்டுகள் நீராலியை விட்டுவிட்டு அங்கே மொய்க்கும். மொய்த்ததும் வெட்டிக் கொளுத்த வேண்டும். வெட்டுகிற ஆட்கள் போன மாதமே இறங்கிப் போய்விட்டார்கள். இப்போது நசுக்குவதும் நான், கொளுத்துவதும் நான். ஒரு மரத்துக்காக ஒரு காட்டையே கொன்றுகொண்டிருக்கிறேன். தலைமையகம் இதற்கு 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஜனவரி 23. காலை 10.00

காய் முற்றிவிட்டது!

விதைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். அத்தனையும் மூழ்கின. கூடையை ட்ரோனில் கட்டி அனுப்பினேன். ஒரு கைப்பிடியை மட்டும் முளைப்புச் சோதனைக்கென்று ஜன்னலோரம் ஈரத்துணியில் வைத்திருக்கிறேன்.

ஒச்சப்பன்: "மேடம், கூடை வந்துருச்சு! ஒவ்வொண்ணும் புளியங்கொட்ட கணக்கா மினுங்குதுங்க. நாலு மலைக்காரங்களும் கேக்குறாங்க. பிரிச்சுக் குடுத்துரவா?"

முளைப்பு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வயர்லெஸை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 2. பகல் 1.15

பட்டுப்போன மரம் ஒன்று காற்றே இல்லாமல் சாய்ந்து நிலையத்தின்மேல் விழுந்தது. சூரியத் தகடு தூள். ட்ரோன் நசுங்கிவிட்டது. மைக் ஒயர் அறுந்துவிட்டது. பொத்தான் வேலை செய்கிறது. அதுவும் இனி பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருக்கும்வரைதான். கேட்கும் பெட்டிக்குத் தனி பேட்டரி, அது நன்றாக இருக்கிறது.

இடது கால் விட்டத்துக்கு அடியில் மாட்டியது. இழுத்து எடுத்துவிட்டேன். என் கால் மாதிரியே இல்லை.

ஒச்சப்பன்: "மேடம், உசுரோட இருக்கீங்களா?"

ஒரு தட்டு.

"அடி பட்டுருச்சா?"

ஒரு தட்டு.

"ரோடெல்லாம் மரம் விழுந்து கெடக்கு. ஆளுங்க அறுத்துக்கிட்டே மேல வாராங்க. பயப்படாதீங்க."

அது கேள்வி இல்லை. அதனால் தட்டவில்லை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3. காலை 8.40

ஜன்னலோரத்து விதைகளில் காம்பு இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஒன்றை உடைத்தேன். புழு. இன்னொன்று. புழு. எல்லாவற்றிலும் புழு.

துளைவண்டு விதையில் முட்டையிடாது. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அந்த அத்தியாயத்தை எழுதியவள் நான். சுற்றியிருந்த மரத்தையெல்லாம் எரித்துவிட்டேனே, அது வேறெங்கே போகும்? காய்க்குள் போய்விட்டது. தண்ணீரில் போட்ட அன்றைக்கு வெறும் முட்டைதான். விதை முழுசாக இருந்தது, மூழ்கியது.

விதையைப் பிரித்துக் கொடுத்தால் நாலு மலைக்கும் வண்டு போய்விடும், சொல்லியாக வேண்டும். அவர் கேட்டால்தானே நான் சொல்ல முடியும்?

ஒச்சப்பன்: "சாப்ட ஏதாச்சும் இருக்கா மேடம்?"

ஒரு தட்டு.

"தண்ணி?"

ஒரு தட்டு.

"ரொம்ப வலிக்குதா?"

விதையைப் பற்றிக் கேளுங்கள் ஒச்சப்பன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், விதையைப் பற்றிக் கேளுங்கள். சகட்டுமேனிக்குத் தட்டிப் பார்த்தேன்.

"லைன்ல ஒரே எரைச்சலா இருக்கு மேடம். நாளைக்கு வாரேன்."

பேட்டரி விளக்கு சிவப்பாகிவிட்டது. இனி ஒரு தட்டைக்கூட வீணாக்கக் கூடாது.

பிப்ரவரி 4. காலை 9.05

ஒச்சப்பன்: "மேடம், நாலு மலைக்காரங்க வண்டியும் வாசல்ல நிக்குது. முளைப்பு பாத்துட்டுச் சொல்றேன்னீங்க. நீங்க சொல்லாம ஒரு விதையக்கூடத் தொட விடமாட்டேன்னு மறிச்சு வச்சிருக்கேன். குடுத்து அனுப்பட்டுமா?"

கேட்டுவிட்டார். மகராசன், கேட்டேவிட்டார்.

அழுத்தினேன். விளக்கு எரிந்தது.

இரண்டாவது முறை அழுத்தினேன். எரியவில்லை. அழுத்தினேன். அழுத்தினேன். பேட்டரியைக் கழற்றித் தேய்த்து மாட்டி அழுத்தினேன்.

ஒச்சப்பன்: "ஒரு தட்டு! கேட்டுருச்சு மேடம், நல்லாக் கேட்டுருச்சு. ஏத்துங்கப்பா, ஏத்துங்க! ஒங்க பேரச் சொல்லித்தான் நடச் சொல்லுவேன் மேடம்."

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வண்டிகள் கிளம்புகிற சத்தம் பெட்டியில் தெளிவாகக் கேட்டது.

9.40

பின்னால் நிற்கும் நீராலிக்குள் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கூரைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நகர முடியவில்லை.

கண்டெடுப்பவருக்கு: நீராலி விதையை எரித்துவிடுங்கள். நட்டிருந்தால் பிடுங்கி எரித்துவிடுங்கள். ஒச்சப்பன்மேல் தப்பே இல்லை. அவர் சரியாகத்தான் கேட்டார். நான் சொன்னது இரண்டு தட்டு. தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள், இரண்டு தட்டு.

சத்தம் பெரிதாகிறது. மேசையில் தட்டிக்கொண்டே எழுதுகிறேன். இரண்டு. இரண்டு. இர