பாவின் மறுமுனை

மச்சான்,

இன்று காலை அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அந்த வாசனைக்கு உன் நினைவு வந்துவிட்டது. பக்கத்தில் பேத்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். இடதுசாரி, வலதுசாரி என்று அதில் ஏதோ வர, "தாத்தா, நீங்க எந்தப் பக்கமுங்க?" என்றாள். முழுப் பதிலை உனக்கே சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, அவள்தான் எழுதுகிறாள்.

குமாரபாளையத்தில் தறிக்குழியில் நாங்கள் மிதிக்க மிதிக்க, நீ பேப்பரை உரக்கப் படிப்பாய். அந்த இரண்டு சொல்லும் எனக்கு உன் வாயால் வந்தவைதான். உலகச் சண்டைக் காலம், நூலுக்குப் பஞ்சம். வருகிற நூலில் கூலிக்கு நெய்கிற தறிக்கும் சமபங்கு வேண்டும் என்று கேட்டதால் உன்னை இடதுசாரி என்றார்கள். சொந்தத்தறிக்கே முதலில் என்ற பெரியதறிக்காரர் வலதுசாரி. எனக்கு அது வசதியாகப் போயிற்று. நூல் பங்குக் கூட்டத்தில் யார் எழுந்தாலும் என்ன கேட்பார் என்று முன்னாலேயே தெரியும். தெருவையே இரண்டாகப் பிரித்து மனசில் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை பெரியதறிக்காரரின் பாவை, தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இழை விறைக்கப் போட்ட கஞ்சி இன்னும் காயவில்லை. சங்ககிரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கஞ்சி கரைந்து இழைகள் ஒட்டிப் பாவே பாழ். மாற்று நூல் கிடையாது. அதை நெய்யும் கூலியை நம்பி நாலு வீடு இருந்தது. யார் பாவு விரித்தாலும் தெருவே கை கொடுப்பது நம் வழக்கம். அன்று நானும் நம் பக்கத்து ஆட்களும் கைகட்டி நின்றோம். நீ பேப்பரை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி ஒரு முனையைப் பிடித்தாய்.

"மச்சான், அவரு வலதுசாரியாச்சே?" என்றேன்.

"கூட்டத்துல அவரோட சண்ட போடத்தான் போறேன். நூலு என்ன பண்ணுச்சு? அந்த முனையப் புடி மாப்ள."

பிடித்தேன். மற்றவர்களும் வந்தார்கள். பாவை உள்ளே சேர்த்த பிறகுதான் மழை கொட்டியது.

சாயங்காலக் கூட்டத்தில் நீ இம்மியும் இறங்கவில்லை. காலையில் பாவைக் காப்பாற்றிவிட்டு இப்போது என்னையே பிடித்துக்கொண்டாயே என்று அவர் சிரித்தார்.

"அது பாவுக்குப் பண்ணுனதுங்க. பங்கு பங்குதானுங்க," என்றாய்.

அன்று பாதிப் பங்குவரை வந்தார். முழுசாய் வாங்க உனக்கு இன்னும் இரண்டு கூட்டம் ஆயிற்று.

உன் பக்கம்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். அந்தப் பெயர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூட்டத்துக்கு அவை உதவும். ஆனால் மறுமுனையைப் பிடிக்குமுன் நான் நின்று ஒரு கேள்வி கேட்டேனே, அதற்குள் நாலு துளி விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒட்டிய இழைகளை நீ விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாய்.