பின்னறை முகம்

28.07.2007, சனி

புஷ்பவதி அக்காவோடு இன்று தையல் பயிற்சிக்குப் போனேன். மறுக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரி, எத்தனையோ தரம் கேட்டுவிட்டா. "புருசன் கட்டாரில. பிள்ளை குட்டியும் இல்லை. பூட்டின வீட்டுக்க இருந்து என்ன செய்யிறாய்?" இனியும் ஏலாது என்றால் யோசிக்கத் தொடங்கிவிடுவா.

இவர் கட்டாரில் இல்லை. பின்னறையில் இருக்கிறார், போன கார்த்திகையிலிருந்து. படகு எஞ்சின் திருத்தும் கடையில் இவரோடு வேலை செய்த இரண்டு பேரை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அடுத்த கிழமை, "குலசிங்கம் எங்க?" என்று இவருடைய பேரைச் சொல்லிக் கடையில் வந்து கேட்டிருக்கிறார்கள். கேட்டது யார், எதற்கு, இன்றுவரை தெரியாது. அன்றைக்கே, இவர் கட்டாருக்குப் போய்விட்டார் என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதக்கூடாது. எழுதாவிட்டால் யாரோடு கதைக்கிறது?

பயிற்சி மாதர் சங்க மண்டபத்தில். துணித்துண்டுகளை வெட்டி அடுக்கி, உள்ளே பஞ்சு வைத்து, போர்வை மாதிரித் தைத்து மனிதருடைய முகம் செய்கிறார்கள். பிலோமினா டீச்சர் தன் தகப்பனின் முகத்தைச் செய்து கொண்டுவந்திருந்தா. கிட்டப் போனால் வெறும் பூத்துணி. தள்ளி நின்றால் மனிதர் பார்க்கிறார்.

ஆளுக்கொரு முகம் யோசித்து வரட்டாம்.

04.08.2007

"மூக்கு எங்க, வாய் எங்க எண்டு தேடாதேங்கோ. கண்ணைச் சுருக்கிப் பாருங்கோ. எங்க வெளிச்சம், எங்க இருட்டு? அதை மட்டும் வெட்டுங்கோ." டீச்சர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறா. தோலின் நிறம் தேவையில்லையாம். நெற்றிக்கு வெளிறிய துணி, நாடிக்குக் கீழே கடும் நீலம், போதும்.

எனக்குப் பக்கத்தில் றஹ்மா என்றொரு பிள்ளை. "நான் கண்ணு வைக்க மாட்டன்" என்று முதலே சொல்லிவிட்டாள். அவர்களுடைய மார்க்கத்தில் உருவம் செய்யக்கூடாதாம். மகளின் பின்னலையும் பிடரியையும் தைக்கிறாள். "திரும்பிக் கூப்பிட்டாலும் பாக்க மாட்டாள், அவள் அப்பிடித்தான்" என்றாள். சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

வீட்டில் எல்லாம் தாழ்ந்த குரல்தான். இவர் இருமினால் நானும் உடனே இருமுகிறேன். கேட்கிறவர்களுக்கு ஒரு ஆள் இருமியதாக இருக்கவேண்டும்.

09.08.2007

வெளிக்கொடியில் ஆம்பிளை உடுப்புத் தெரியக்கூடாதென்று இவருடைய சாரத்தைக் குசினிக்குள் அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். புகை மணக்கிறதாம். கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை.

நானும்தானே அடைபட்டுக் கிடக்கிறேன்? வெளியே போய் வந்தால் மட்டும் வெளியே இருக்கிற மாதிரியா? சிலவேளை நினைப்பேன்—இவரையும் அன்றைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு வாய்விட்டு அழவாவது முடிந்திருக்கும் என்று.

கடவுளே, என்ன எழுதுகிறேன்.

11.08.2007

இவருடைய முகத்தைத்தான் செய்யப்போகிறேன். வேறு யாரைச் செய்தாலும் புஷ்பவதி அக்கா ஏன் என்று கேட்பா. கலியாணப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். மழித்த கன்னம், எண்ணெய் வைத்து வாரிய தலை.

15.08.2007

விடியச் சுற்றிவளைப்பு. இவர் பின்னறை அலுமாரிக்குப் பின்னால், சுவரோடு சுவராக. முன்னறை நிலத்தில் நான் வெட்டிய துண்டுகள் அடுக்கினபடி கிடந்தன. அள்ள நேரமில்லை.

ஆமிக்காரர் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் குசினியைப் பார்த்தான். மற்றவன், மீசை முளைக்காத வயது, துணியைக் கண்டு நின்றான். முகம் என்று விளங்கியிருக்கவேண்டும். சப்பாத்துக் காலை உயர்த்தி அதை மிதிக்காமல் கடந்தான். பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். திரும்பினான். திரும்பவும் அதே மாதிரிக் காலை உயர்த்திக் கடந்து போனான்.

அவர்கள் போன பிறகும் இவர் வெளியே வரவில்லை. கூப்பிட்டேன். கால் விறைத்துவிட்டதாம். இழுத்துத்தான் எடுத்தேன்.

25.08.2007

கதவைப் பூட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

துண்டுகளை அடித்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நல்லாக வருகிறது என்றுதான் நினைத்தேன். பின்னால் நின்ற புஷ்பவதி அக்கா கேட்டா: "என்னடி, குலசிங்கத்துக்குத் தாடி? படத்தில இல்லையே. இப்ப தாடி விட்டிருக்கிறாரோ?"

அப்போதுதான் பார்த்தேன். கன்னத்தில் குழி. கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம். நாடி முழுக்கக் கறுப்பு. படத்தைப் பார்க்கவே இல்லை நான். ஒவ்வொரு நாளும் சோறு வைக்கிறபோது பார்க்கிற முகத்தைத்தான் கை வெட்டியிருக்கிறது.

றஹ்மா முந்திக்கொண்டாள். "அது நான் குடுத்த கறுப்புத் துண்டு அக்கா. நிழலுக்கு எண்டு பெரிசா வெட்டிப்போட்டன். இவவும் பாக்காம வெச்சுத் தெச்சுப்போட்டா."

அக்கா சிரித்துக்கொண்டு போய்விட்டா. றஹ்மா என்னைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

26.08.2007

ஒளிக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் கண்டுவிட்டார்.

"ஆர் இது?"

"நீங்கள்தான்."

யன்னல் இடுக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். "அவங்கள் பிடிச்சிருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருப்பன்" என்றார். "பிடிக்காமலே ஆகிட்டன்."

துணியை வாங்கி மடித்தேன்.

"நான் போகப் போறன், குணேஸ்."

"எங்க?"

"எங்கயெண்டாலும்."

01.09.2007

பயிற்சி முடிய றஹ்மா மத்திய வீதி வரை கூட வந்தாள். "நான் ஒண்டும் கேக்கல்ல. நீயும் ஒண்டும் சொல்லாத" என்றாள். "எங்கட அவர் ஸஹாப்தீன்ட லொறி வியாழக்கிழமை கொழும்புக்குக் கருவாடு ஏத்திட்டுப் போகுது. கூடப் போற ஆளுக்குச் சுகமில்ல. ஒரு ஆள் வேணுமாம்."

"பிடிபட்டால் உங்களுக்கும்—"

"அத ஸஹாப்தீன் யோசிச்சிட்டார்."

நம்பலாமா? இவளை எனக்கு ஒரு மாதமாகத்தான் தெரியும். இவருடைய பேரைச் சோதனைச் சாவடிகளில் கொடுத்திருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? நான்தான் முகத்தைத் தைத்து இவரைக் கிளப்பிவிட்டேனா? இருந்தால் உயிரோடாவது இருப்பார். ஆனால் அந்தத் துணியில் இருக்கிற மனிதர்—

சொல்லிவிட்டேன். இவர் உடனே ஓம் என்றார்.

06.09.2007, வியாழன்

இவரை அடையாள அட்டைப் படத்தைப்போல மழித்துவிட்டேன். தாடி இருந்த இடம் வெளிறிப்போய்க் கிடந்தது. தேத்தண்ணி குடித்தார். ஒழுங்கை இன்னும் எழும்பவில்லை, இருட்டு. படலையின் கொளுக்கியில் கையை வைத்தபடி அப்படியே நின்றார், திறக்கிற விதம் மறந்துபோனவர்போல. நான்தான் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை.

07.09.2007

செய்தி இல்லை.

08.09.2007

செய்தி இல்லை. பயிற்சிக்குப் போனேன். றஹ்மா வரவில்லை. ஏன் வரவில்லை? யாரிடமும் கேட்கவும் ஏலாது. டீச்சர் விளிம்பு தைக்கக் காட்டித்தந்தா. ஒரு தையலும் நேராக வரவில்லை.

10.09.2007, திங்கள்

சந்திக் கடைக் கனகரத்தினம் அண்ணை ஆளனுப்பினார். கட்டாரிலிருந்து இவருடைய ரெலிபோன் கோல் வந்ததாம், திரும்ப எடுப்பாராம். ஓடினேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"சேர்ந்திட்டன்" என்றார். "லொறி கந்தளாயில பழுதாகி நிண்டது. அதுதான் சுணக்கம்."

ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன கேட்பது? "சாப்பிட்டீங்களோ?" என்றேன்.

"ஓம். ஒரு கடைக்கு நடந்து போய்ச் சாப்பிட்டன்." பிறகு திரும்பவும் சொன்னார்: "றோட்டால, குணேஸ். பகல்ல. நடந்து."

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். போனை வைத்துவிட்டேன்.

நேரே வீட்டுக்கு வரவில்லை. சமைக்க அவசரமில்லை, கதவுக்குக் காவல் தேவையில்லை. உட்துறைமுக வீதியால் போய்க் கடலோரக் கல்லொன்றில் குந்தினேன். கப்பல்கள் அசையாமல் நின்றன. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து எனக்குப் பக்கத்தில் கிடந்த கடதாசியைத் தின்றது. அழுகை வந்தது. அடக்கவில்லை, சத்தமாகவே அழுதேன். கடற்படைக்காரன் ஒருவன் தூரத்தில் நின்று, இங்கே இருக்கக்கூடாது, போ என்று கைகாட்டினான்.

எழும்பினேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.